அசல் எங்கே? அபூர்வக் காட்சிகளும் எடிட்டிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. அதனால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் செல்போனில் பிடித்ததையெல்லாம் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். கடையம் பக்கம் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் போன சிறுத்தை, விக்கிரமசிங்கபுரத்தில் ராத்திரி தெருவில் நடந்த கரடி, மணிமுத்தாறு அருவியில் கண்ணெதிரே ஏறிய தண்ணீர், வானத்தில் ஓடி மறைந்த வெளிச்சம். "கொஞ்சம் நல்லாத் தெரியுற மாதிரி பண்ணிக் குடுங்க அண்ணாச்சி" என்பார்கள். முன்பெல்லாம் உடனே செய்து கொடுத்துவிடுவேன். இப்போது முதலில் உட்காரவைத்துப் பேசுகிறேன். அப்போது திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் பார்த்தது நிஜம். அதைப் பளிச்சென்று காட்டினால் என்ன தப்பு?

நீங்கள் அங்கே நின்றீர்கள், பார்த்தீர்கள். வீடியோவைப் பார்க்கிறவர் அங்கே நிற்கவில்லை. அவர் கையில் இருப்பது நீங்கள் கொடுக்கும் அந்த அரை நிமிடம் மட்டும்தான்.

கல்யாண வீடியோவில் நான் என்னவெல்லாம் செய்கிறேன் தெரியுமா? தாலி கட்டும் நேரத்தை மூன்று கோணத்தில் மூன்று தடவை ஓட்டுகிறேன். மெதுவாக்குகிறேன். மாப்பிள்ளை முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துவிடுகிறேன். மேளச் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டு போடுகிறேன். "தாலி கட்டுனது உண்மைதானா?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மண்டபத்தில் ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் சிறுத்தைக்கு அப்படி ஐந்நூறு பேர் இல்லை. நீங்கள் ஒருவர், உங்கள் போன் ஒன்று. ஆகவே அந்தப் பதிவே சாட்சியாகவும் நிற்க வேண்டியிருக்கிறது. சாட்சிக்கு மேக்கப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனால் எதிர்த் தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா?

காட்சி எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு குறைவாக அதைத் தொட வேண்டும். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. ஒன்றுமில்லாத வீடியோவை அப்படியே போடுகிறோம், வாழ்நாளில் ஒரு தடவை கிடைத்த காட்சியைத்தான் பிழிந்து எடுத்துவிடுகிறோம்.

உங்களுக்கு எப்படி இது உறைத்தது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த எண்ணைச் சொன்னபோதே சென்னையில் இருக்கும் என் மச்சினன், "மில்லிமீட்டர்னு இருக்கும், நல்லாப் பாருங்க அத்தான்" என்றான். தாமிரபரணி கரை தாண்டி வந்தது. என் அண்ணன் மகன் மீனாட்சிபுரம் பக்கம் ஒரு மாடியில் மாட்டிக்கொண்டான். அங்கே நின்று ஏழு நிமிடம் போல வீடியோ எடுத்திருந்தான். தெருவே ஆறாக ஓடுகிறது. ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் மிதந்து வந்து, ஒரு கரண்ட் போஸ்ட்டை உரசிக்கொண்டு அடுத்த போஸ்ட்டைத் தாண்டிப் போகிறது.

அதை நான் ஒன்றரை நிமிடமாக வெட்டினேன். வேகம் போதாது என்று தோன்றியது, ஒன்றரை மடங்கு ஓட்டினேன். டிரம் வரும் இடத்தில் மட்டும் மெதுவாக்கி, பிறகு மறுபடி விரட்டினேன். தண்ணீருக்குக் கொஞ்சம் செம்மண் நிறம் ஏற்றினேன். அடியில் உறுமுகிற மாதிரி ஒரு பிஜிஎம். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். ஆனால் கீழே வந்த கருத்துகளில் பாதிப் பேர், "இது வேற ஊரு", "இது கிராபிக்ஸ்", "ஸ்பீடு ஏத்திருக்கான்" என்று எழுதியிருந்தார்கள். கடைசி ஆள் சொன்னது உண்மைதானே, நான் என்ன பதில் சொல்ல முடியும்? வேகத்தை ஏற்றினேன் என்று ஒத்துக்கொண்டால் ஊரும் தெருவும் தண்ணீரும்கூடப் பொய்யாகிவிடும்.

ஒரு மாதம் கழித்துப் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் தேடி வந்தார். "தம்பி, அந்த டிரம் ஒரு போஸ்ட்ல இருந்து அடுத்த போஸ்ட்டுக்குப் போன நேரம் தெரிஞ்சா தெருவுல தண்ணி என்ன வேகத்துல ஓடுச்சுன்னு சொல்லிரலாம். போஸ்ட் இன்னைக்கும் அங்கனதான நிக்கி, டேப்பு புடிச்சு அளந்துக்கலாம். எடிட் பண்ணாத வீடியோ இருந்தா குடுங்க" என்றார்.

அண்ணன் மகன் போனில் இடமில்லை என்று அதை அழித்திருந்தான். என் கணினியிலும் வேலை முடிந்ததும் ஃபோல்டரைத் துடைத்துவிட்டேன். மிச்சமிருந்தது நான் விரட்டி ஓட்டிய அந்த ஒன்றரை நிமிடம்தான். நொடிக்கு முப்பது ஃப்ரேம், அதாவது முப்பது தனித்தனிப் படம், ஓடும் வீடியோவை ஒன்றரை மடங்கு ஓட்டினால் மூன்றில் ஒரு ஃப்ரேம் வெளியே போய்விடும். அத்துடன் நடுவில் மெதுவாக்கி, வெட்டி, மறுபடி விரட்டியிருக்கிறேன். எந்த நொடி எங்கே போனது என்று செய்த எனக்கே தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "சரி தம்பி" என்று எழுந்து போனார்.

ஸ்லோ மோஷன் போட்டால்தானே எல்லோருக்கும் தெரியும்?

போடுங்கள். ஆனால் முதலில் ஒரு தடவை நிஜ வேகத்தில் முழுதாக ஓட்டிக் காட்டிவிட்டு, இரண்டாம் தடவை "பாதி வேகம்" என்று எழுதிப் போடுங்கள். வேகம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே அறிந்த உதாரணம் இருக்கிறது.

1967 அக்டோபர் 20 அன்று வடக்குக் கலிபோர்னியாவில் பிளஃப் கிரீக் என்ற ஓடையருகே, உடம்பெல்லாம் ரோமம் மூடிய பெரிய உருவம் ஒன்று நடந்து போவதை பேட்டர்சன், கிம்லின் என்ற இருவர் ஃபிலிமில் பிடித்தார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான காட்சி. அது நொடிக்கு 16 ஃப்ரேமில் ஓடியதா, 18-லா, 24-லா என்பது உறுதியாகத் தெரியவில்லை. 24 என்றால் வேட்டி கட்டிய மனிதர் அவசரமாக நடக்கிற மாதிரியே இருக்கும். 16 என்றால் நடை கனத்து, ஆடி அசைந்து, மனித நடை போலவே இருக்காது. அந்த ஒரு எண் இல்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த உருவம் உடை மாட்டிய ஆள்தான் என்பது என் எண்ணம். ஆனால் இங்கே விஷயம் அதுவல்ல.

இதற்கு நேர்மாறானது 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டபோது, வேடிக்கை பார்க்க நின்ற சாப்ரூடர் என்பவர் எடுத்த ஃபிலிம். மொத்தமே 26 நொடி சொச்சம், 486 ஃப்ரேம். அவருடைய கேமராவைச் சோதித்து, அது நொடிக்குச் சராசரியாக 18.3 ஃப்ரேம் ஓடியது என்று கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எண் போட்டார்கள். அந்தக் கொலையைப் பற்றி ஆயிரம் சர்ச்சை இருந்தாலும், எல்லாத் தரப்பும் "இத்தனாவது ஃப்ரேம்" என்று ஒரே கடிகாரத்தை வைத்துத்தான் பேசுகின்றன.

நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வெற்று இடத்தை வெட்டினால் என்ன?

எடிட்டருக்குத்தான் அது வெற்று இடம். 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. அந்த ஊரில் கார்களின் முன்கண்ணாடியில் கேமரா பொருத்தியிருப்பது சகஜம் என்பதால் நூற்றுக்கணக்கான பதிவுகள் கிடைத்தன. வானம் வெளுக்கிறது, வெளிச்சம் அணைகிறது. அப்புறம் இரண்டு நிமிடத்துக்கும் மேலாக ஒன்றுமே இல்லை. என்னவென்று பார்க்க ஜனங்கள் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். அதன் பிறகுதான் அதிர்ச்சி அலை வந்து கண்ணாடியை நொறுக்கியது. காயம்பட்டவர்கள் சுமார் 1,500 பேர், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லால்.

அந்த இரண்டு நிமிட மௌனம்தான் விண்கல் எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்பதைச் சொல்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், பெருக்கிப் பார்த்தால் தூரம். என் கையில் கிடைத்திருந்தால் முதல் வேலையாக அதைத்தான் வெட்டியிருப்பேன். வெளிச்சம், உடனே டமார். பார்க்க நன்றாக இருந்திருக்கும், கணக்குக்கு ஆகியிருக்காது.

நம் ஊர் இடி மின்னலுக்கும் இதே கணக்குதான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர்.

க்ராப் செய்து, சிறுத்தையை மட்டும் பெரிதாகக் காட்டலாமா?

வருகிற எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். சிறுத்தையைப் பெரிதாக்குகிறேன் என்று அதை அளக்கிற அளவுகோலை வெட்டி எறிந்துவிடுகிறார்கள்.

சென்ற வருடம் ஒரு பையன் கொண்டுவந்த வீடியோவில், சாயங்கால மங்கலில், ஒரு விலங்கு சுவரை ஒட்டி நடந்து போனது. அவன் ரீல்ஸுக்காக நெட்டுவாக்கில் வெட்டி, திரை முழுக்க அந்த விலங்குதான் தெரியும்படி செய்திருந்தான். பார்க்கிறவர்கள் "காட்டுப்பூனை" என்றார்கள், அவன் "சிறுத்தை" என்றான். நல்லவேளையாக அசல் அவன் போனிலேயே இருந்தது. திறந்து பார்த்தோம். பின்னால் பூசாத ஹாலோ பிளாக் சுவர். ஒரு கல் எட்டு அங்குல உயரம். முதுகு எத்தனை வரிசைக்கு வருகிறது என்று எண்ணினோம். மூன்றாம் வரிசையைத் தாண்டி நின்றது. காட்டுப்பூனைக்கு இரண்டு வரிசைதான் வரும். வாலும் தரையை ஒட்டித் தொங்கி நுனியில் மேலே வளைந்திருந்தது. சுவரை எண்ணிய பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. பாபநாசம் அடிவாரத்து ஊர்களில் 2024 மே மாதம் வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தை பிடித்ததைப் பார்த்தவர்கள் நாம். இதெல்லாம் விளையாட்டு இல்லை. வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் நம்பினால்தான் ஜாக்கிரதையாக இருக்கும்.

ஓரத்தில் இருப்பதன் மதிப்புக்கு இன்னொன்று. அமெரிக்கக் கடற்படை விமானத்திலிருந்து எடுத்த 'கோ ஃபாஸ்ட்' என்ற வீடியோவை 2020 ஏப்ரலில் பென்டகன் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. கடலுக்குச் சற்று மேலே ஏதோ ஒன்று அம்பு மாதிரிப் போவது போல இருக்கும். திரையின் ஓரங்களில் விமானத்தின் உயரம், கேமராவின் கோணம், பொருளுக்கு உள்ள தூரம் என்று எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2023-ல் நாசா அமைத்த ஆய்வுக் குழு அந்த எண்களை வைத்தே கணக்குப் போட்டது. பொருள் கடலை ஒட்டி இல்லை, ஏறக்குறைய 13,000 அடி உயரத்தில் இருக்கிறது. வேகம் மணிக்குச் சுமார் 40 மைல், அதாவது 64 கிலோமீட்டர்தான். விரைந்து போனது விமானம். நாங்குநேரி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பக்கத்துப் பனை பின்னால் பறப்பதும், தூரத்தில் மகேந்திரகிரி கூடவே வருவதும் மாதிரி. யாராவது அந்த எண்களை மறைத்து, பொருளை மட்டும் ஜூம் செய்து விட்டிருந்தால் இன்று வரைக்கும் அது மர்மமாகவே இருந்திருக்கும்.

செயலியில் போட்டால் மங்கலான வீடியோ தெளிவாகிவிடுகிறதே?

தெளிவாகவில்லை. தெளிவாக இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று செயலி ஊகித்து வரைகிறது. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஊகம். புள்ளி புள்ளியாக இருக்கும் இடத்தில் ரோமம் வரையும், மீசை வரையும். உங்கள் கேமரா பார்க்காததை அது எங்கிருந்து கொண்டுவரும்?

2023-ல் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, இருட்டறையில் ஒரு கைபேசியால் படம் பிடித்தார். திரையில் இல்லாத பள்ளங்களையும் கோடுகளையும் கைபேசி சேர்த்துக் காட்டியது. நிலா விஷயத்தில் அது பாதகமில்லை, எல்லோருக்கும் தெரிந்த முகம். ஒரு கொலை வழக்கில் ஆள் முகத்தில் இதைச் செய்தால்? 2024-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிங் கவுண்டி நீதிமன்றம், செயற்கை நுண்ணறிவால் மெருகேற்றிய செல்போன் வீடியோவைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது.

மங்கல் மங்கலாகவே இருந்தாலும் பயன் உண்டு. அழிந்துபோனது என்று கருதப்பட்ட தந்த அலகு மரங்கொத்தி என்று சொல்லி, 2004-ல் அர்கன்சாஸ் சதுப்பில் எடுத்த நான்கு நொடி வீடியோ ஒன்று உண்டு. படு மங்கல். 2005-ல் ஒரு குழு அதே பறவைதான் என்று 'சயின்ஸ்' இதழில் எழுதியது. அடுத்த வருடமே வேறொரு குழு, அதே ஃப்ரேம்களை எடுத்து வைத்து, இல்லை, அது சாதாரணப் பெரிய மரங்கொத்தி என்று எழுதியது. எதிர்த்தவர்களும் அதே நான்கு நொடியைப் பார்த்துத்தான் எதிர்த்தார்கள், பாருங்கள். அப்படி வாதாட இடம் கொடுக்கிற பதிவுதான் மரியாதையான பதிவு.

கை ஆட்டத்தைச் சரிசெய்வது?

பிரதியில் செய்யலாம். ஆனால் ஆட்டத்தை அடக்கும்போது ஓரங்கள் வெட்டுப்படும், போஸ்ட்டும் சுவரும் ரப்பர் மாதிரி நெளியும். அந்த நெளிவைக் காட்டியே "பாத்தீங்களா, ஒட்டு வேலை" என்பார்கள்.

பாட்டு போடுவதில் என்ன வந்துவிடப் போகிறது?

பின்னால் கேட்கும் சத்தத்தில் ஊர் இருக்கிறது. கோயில் மணி, பாங்கு, ரயில் ஹாரன், பக்கத்து வீட்டு டிவியில் ஓடும் செய்தி எல்லாம் நேரத்தையும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். "ஏல, உள்ள வா, ஏ ஆத்தாடி எவ்ளோ தண்ணி" என்று ஒரு அம்மா போடும் சத்தத்தைக் கேட்டால் இது நெல்லைதான், வேறெங்கோ எடுத்ததில்லை என்று குழந்தைக்கும் தெரியும். அதை எடுத்துவிட்டு நான் பிஜிஎம் போட்டேன்.

அப்படியானால் எடிட் செய்யாத வீடியோ எல்லாம் உண்மையா?

இல்லை. 2012 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் பூங்காவில் கழுகு ஒரு குழந்தையைத் தூக்குவதாக ஒரு வீடியோ உலகம் முழுக்கப் போனது. கை ஆட்டம், பதற்றம், சம்பவம் முழுக்க ஒரே ஷாட். ஒரு கல்லூரி மாணவர்கள் அனிமேஷன் பயிற்சிக்காகச் செய்தது அது. காட்சியிலேயே செட்டப் செய்வதும் உண்டு. 2009-ல் உலகின் பெரிய வனவிலங்குப் புகைப்படப் போட்டி ஒன்றில் வேலியைத் தாண்டும் ஓநாய் முதல் பரிசு வாங்கியது. பழக்கிய ஓநாய் என்று நடுவர்கள் முடிவுசெய்து பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நம் வெள்ளத்தின்போதும் எந்த ஊரிலோ எந்த வருடமோ எடுத்ததற்குத் 'தாமிரபரணி' என்று பெயர் போட்டு ஃபார்வர்டு செய்தார்கள்.

தொடாத பதிவு என்றால் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். கழுகு வீடியோ அகப்பட்டதும் அப்படித்தான். ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தவர்கள் ஓரிடத்தில் நிழல் இல்லாததைப் பிடித்தார்கள். எல்லாவற்றையும் மெருகேற்றிவிட்டால் உண்மையும் பொய்யும் ஒரே மாதிரி பளபளக்கும். அப்போது நஷ்டம் உண்மையாக எடுத்தவனுக்குத்தான்.

என்னதான் செய்யலாம், சொல்லுங்கள்.

அசலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பிரதியில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், செய்ததைச் சொல்லுங்கள். டாஸ்மேனியப் புலி என்னும் தைலசினின் கடைசி உயிர் 1936 செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் போனது. 1933-ல் எடுத்த கறுப்பு வெள்ளைக் காட்சிக்கு 2021-ல் ஆஸ்திரேலியத் தேசியத் திரை, ஒலி ஆவணக் காப்பகம் நிறம் ஏற்றி வெளியிட்டது. தோலின் நிறத்துக்கு அருங்காட்சியகத்தில் இருக்கும் தோல்களைப் பார்த்தார்கள், நிறம் ஏற்றியதை வெளிப்படையாகச் சொன்னார்கள், அசல் காப்பகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை.

அம்புக்குறி, வட்டம் போடுவதென்றால் முதலில் ஒன்றும் போடாமல் ஒரு தடவை ஓட்டுங்கள். ஆட்களின் முகத்தை மறைப்பது நல்ல காரியம், மறைத்தது மறைத்தது என்று கண்ணுக்கே தெரிகிறது. காட்டு விலங்கு நின்ற சரியான இடத்தைப் பொதுவில் சொல்லாதீர்கள். அதை வனத்துறையிடம் அசலோடு கொடுங்கள்.

சேனல்காரர்கள் அரை நிமிடம்தான் கேட்கிறார்கள். திருடியும் விடுகிறார்கள். வாட்டர்மார்க் போட வேண்டாமா?

அரை நிமிடம் கொடுங்கள், வாட்டர்மார்க்கும் போடுங்கள், எல்லாம் பிரதியில். வீடியோ உங்களுடையது என்று நிரூபிக்க அசலைவிடப் பெரிய வாட்டர்மார்க் கிடையாது. திருடியவரிடம் அந்த முழு ஏழு நிமிடம் இருக்காது.

அசலை எப்படிப் பத்திரப்படுத்துவது? வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுங்கித்தான் போகும். எடுத்த நேரம், போன் விவரம் போன்றவையும் உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். அதைவிட நல்லது, கேபிள் போட்டுக் கணினிக்கு ஒன்று, பென் டிரைவுக்கு ஒன்று என்று இரண்டு இடத்தில் எடுத்து வைப்பது. ஃபைல் பெயரைக்கூட மாற்றாதீர்கள்.

காவல் நிலையம், கோர்ட் வரை போகக்கூடிய காட்சி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவில், மின்னணுச் சாட்சியத்தோடு கொடுக்க வேண்டிய சான்றிதழில் ஃபைலின் 'ஹாஷ்' மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு ஃப்ரேமைத் தொட்டாலும் மாறிவிடும். கணினி தெரிந்த பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். எடுத்த அன்றைக்கே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

அசல் போய்விட்டது. எடிட் செய்ததுதான் இருக்கிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

முதலில் போனில் 'சமீபத்தில் நீக்கியவை' என்ற ஃபோல்டரைப் பாருங்கள், பெரும்பாலும் முப்பது நாள் வரை அங்கே இருக்கும். பிறகு கூகுள் கணக்கில் தானாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எடுத்த கையோடு யாருக்கு அனுப்பினீர்கள் என்று யோசியுங்கள். எங்கே நின்றீர்கள், எத்தனை மணி, எடிட்டில் என்னென்ன செய்தீர்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதுங்கள். எழுதியதை வீடியோவின் கீழேயே போட்டுவிடுங்கள். நானும் போட்டிருக்கிறேன்: "வேகம் மாற்றப்பட்டது, நிறம் கூட்டப்பட்டது, சத்தம் அசல் அல்ல."

அண்ணன் மகனும் நானும் டேப்பை எடுத்துக்கொண்டு மீனாட்சிபுரம் போய் அந்த இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவில் அளந்தோம். அளவைப் பொறியாளர் ஐயாவிடம் கொடுத்தோம். அவன் அன்றைக்குத் தன் சிநேகிதனுக்கு அனுப்பிய ஒரு துண்டும் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் நசுங்கியது, ஆனால் வேகம் தொடாதது. பதினொரு நொடி. டிரம் முதல் போஸ்ட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.